ரெண்டு நூல்

ஏப்ரல் 21, திங்கள்

பாலிடெக்னிக்கில் இந்த விடுமுறைக்கு எங்களுக்கு ஒரு தண்டனை கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டறையில் ஐந்து வாரம் பயிற்சி எடுத்து, அன்றன்று செய்த வேலையைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பயிற்சி கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். நீல அட்டை போட்ட நோட்டு. அதில் முதல் பக்கம் எழுதியாயிற்று: "இன்று இரும்புக் குழாய்களைத் துடைத்து அடுக்கினேன். மிகவும் பயனுள்ளதாக இருந்தது." பொய்க்கு அது. மெய்க்கு இது.

என் பெயர் மித்ரா. மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் முடித்திருக்கிறேன், வயது பதினேழு. பட்டறை தேடி வெளியே அலையவில்லை. கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவுடைய ஷெட்டே இருக்கிறது. அங்கே மூன்று பேர். அப்பா, ஓனர். என் அண்ணன் திலக், இருபத்தொரு வயது, ஓனரின் மகன் என்பதே அவன் தகுதி. (நான் மகள். அது வேறு துறை.) பெயர்தான் திலக், ஒரு பொட்டு வெல்டு ஒழுங்காக வைக்கத் தெரியாது. மூன்றாவது, ஆறுச்சாமி அண்ணன். ஃபிட்டர், வெல்டர், அப்பாவைவிட நாலு வயது மூத்தவர். என் நீல நோட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான்.

வேலை என்னவென்றால், கோத்தகிரி பெள்ளிராஜ் சாரின் கார். அறுபதுகளில் கப்பலேறி வந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மேலே அலுமினிய பாடி, தட்டினால் இன்னும் வெண்கல மணி. கீழே சேஸிஸ், தொட்டால் அப்பளம். அவ்வளவு துரு. பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் புதிதாக டியூப் ஃபிரேம் சேஸிஸ் கட்டித் தர வேண்டும். குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பொருத்திச் செய்கிற எலும்புக்கூடு அது. மே கடைசி ஞாயிறு பழைய கார்களுக்கு ஒரு மலையேற்ற ஓட்டம் இருக்கிறது, அதற்கு ஓட வேண்டும் என்று சார் சொல்லியிருக்கிறார்.

டியூப் ஃபிரேமுக்கு நிறைய டியூப் வேண்டும். ஒரு டியூப் லைட்டைக் கையிருப்பிலேயே வைத்திருக்கிறோம் என்று திலக்கைக் காட்டிச் சொன்னேன். பெள்ளிராஜ் சார் சிரித்தார். திலக் சிரிக்கவில்லை. நாளைக்குச் சிரிப்பான், அவனுக்குப் புரிய ஒரு நாள் ஆகும்.

ஏப்ரல் 24, வியாழன்

நூல் என்றால் துணி தைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு: ஷெட்டில் நூல் என்றால் அளவு. ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. ரெண்டு நூல் என்றால் கால் இன்ச். சாருடைய காரின் பழைய வரைபடம் முழுக்க இன்ச்சில் இருப்பதால் மில்லிமீட்டருக்கு இங்கே மரியாதை இல்லை.

எனக்கு இது தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆறுச்சாமி அண்ணன் குழாயை வெட்டிக்கொண்டே "அம்மணி, இன்னும் ரெண்டு நூல் வேணும்" என்றார். வீட்டுக்கு ஓடி, அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டு, ஒரு சிவப்பு நூல்கண்டு எடுத்து, எவர்சில்வர் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வெள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிவப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் சக்கரம் மாட்டி நேர் பார்க்க ஒரு நூல் வேண்டுமாம், இது இருக்கட்டும் என்றார். என் குறும்பைக்கூட வீணாக்காத மனிதர்.

அவருக்குப் பொங்கலுக்கு முன்னால் இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார். டேப் படிக்கும்போது மட்டும் போடுவார். அதிலிருந்து ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவர் கண்ணை விசாரிக்கிறார்கள். விசாரித்துவிட்டு அவர் போட்ட வெல்டைக் குனிந்து பார்க்கிறார்கள். "புதுக் கண்ணுங்க, இன்னும் ரன்னிங்-இன் முடியல, நாப்பதுக்கு மேல ஓட்டறதில்ல" என்று, புது வண்டிக்குச் சொல்கிற மாதிரி, அவரே சொல்லிவிடுவார். சொன்ன பிறகு ஒரு தடவை துணியால் கண்ணாடியைத் துடைப்பார்.

இன்று மீன் வாய் வெட்டக் கற்றுக்கொண்டேன். குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்டையில் போய் உட்கார வேண்டும் என்றால், அதை மீன் வாய் திறந்த மாதிரி வளைத்து வெட்ட வேண்டும். என்னுடைய முதல் மீனுக்கு வாய் கோணல். "பேசிப் பேசி அப்படி ஆயிருச்சு, உன்னாட்டவே" என்றார்.

ஏப்ரல் 26, சனி

பெரிய இரும்பு மேசைக்குப் பெட் என்று பெயர். படுக்கக் கூடாது. அதன்மேல் கீழ்ச் சட்டத்தின் இடது பக்கம் முடிந்தது. முன் குறுக்குக் குழாயிலிருந்து பின் பிராக்கெட் வரை அறுபத்தொன்பதே கால் இன்ச். பின் சக்கரங்கள் இந்தப் பிராக்கெட்டில்தான் தொங்கப்போகின்றன. வலது பக்கம் திங்கட்கிழமை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்று சித்தப்பா வீட்டு விசேஷத்தில், நான் ஷெட்டில் வாயைப் பிளந்து தூங்குகிற வீடியோவைத் திலக் எல்லோருக்கும் காட்டினான். மீன் வாய் என்று தலைப்பு வேறு வைத்திருந்தான். என் சொல்லை எடுத்து எனக்கே.

ஆகவே இன்று மதியம், ஷெட்டில் யாரும் இல்லாதபோது, அவனுடைய மஞ்சள் டேப்பை அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டேன். முனையிலிருக்கும் கொக்கியின் இரண்டு ரிவெட்டையும் ட்ரில்லால் எடுத்தேன். தகட்டில் முதல் கால் இன்ச்சைக் கத்தரித்தேன். புதிதாக இரண்டு ஓட்டை, இரண்டு ரிவெட், கொக்கி பழையபடி இடத்தில். இனிமேல் இந்த டேப் அறுபது என்று சொன்னால் உண்மையில் ஐம்பத்தொன்பதே முக்கால்தான். அவன் வெட்டுகிறது எல்லாம் ரெண்டு நூல் குறையும். ஏன் என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

இவ்வளவு சுத்தமாக நான் செய்த ரிவெட் வேலை வேறில்லை. நீல நோட்டில் எழுத முடியாததுதான் வருத்தம்.

ஏப்ரல் 28, திங்கள்

வயிறு வலிக்கிறது, சிரித்து. திலக் சுவரில் இருந்த இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு தட்டு அடிக்க ஆரம்பித்தான். இடைவெளியை ஆறுச்சாமி அண்ணன் போன வாரமே தன் டேப்பால் அளந்து தூணில் எழுதி வைத்திருந்தார். பலகை ரெண்டு நூல் குறைந்தது. இன்னொன்று வெட்டினான். அதுவும் குறைந்தது. மூன்றாவது பலகையை வெட்டிவிட்டு, அதை வைத்துப் பார்க்கப் பயந்துகொண்டு அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்பா காலையிலேயே ஆறுச்சாமி அண்ணனின் டேப்பை எடுத்துக்கொண்டு சூலூரில் ஒரு கூரை அளக்கப் போய்விட்டார். ஆறுச்சாமி அண்ணன் இருக்கிற டேப்பை வைத்து வலது பக்கத்தை மார்க் செய்து பிராக்கெட்டை டாக் அடித்தார். டாக் என்றால் ஒரு பொட்டு மட்டும். தப்பு இருந்தால் சுத்தியலால் ஒரு தட்டு, கழன்றுவிடும். முழு வெல்டு போட்டுவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் முழு வெல்டுக்கு முன்னால் குறுக்களவு பார்ப்பார்கள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம்.

மூன்று மணிக்குப் பார்த்தோம். கொக்கிப் பக்கம் அவர், படிக்கிற பக்கம் நான். இரண்டும் ஒன்றுதான். சரி என்று சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் திலக் மூன்றாவது பலகையை வைத்தான். அவன் முகத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

மே 1, வியாழன்

விடுமுறை. நேற்றோடு கீழ்ச் சட்டம் முழுக்க வெல்டு முடிந்தது. மூட்டு ஒவ்வொன்றும் அடுக்கி வைத்த காசு மாதிரி இருக்கிறது.

மே 6, செவ்வாய்

இன்று பின் பக்கத்துக்கு டம்மி அச்சை மாட்டி இரண்டு சக்கரம் போட்டார்கள். ஆறுச்சாமி அண்ணன் பையிலிருந்து அந்தச் சிவப்பு நூலை எடுத்து, "உன்ற நூலுக்கு வேலை வந்துருச்சு" என்றார். முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார். நேராக இருந்தால் நூல் சக்கரத்தின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் ஒரே மாதிரி தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

தொடவில்லை. வலது சக்கரத்தின் பின் விளிம்பு நூலை வெளியே தள்ளியது. முன் விளிம்புக்கும் நூலுக்கும் நடுவே என் சுண்டு விரல் போகும். இடது பக்கம் அப்படியே தலைகீழ். அச்சு கோணலாக உட்கார்ந்திருந்தது. இந்தக் காரை ஓட்டினால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகும்.

அவர் தன்னுடைய டேப்பை எடுத்தார். கண்ணாடி போட்டார். இடது பக்கம் அறுபத்தொன்பதே கால். வலது பக்கம் அறுபத்தொன்பது. திரும்ப அளந்தார். முட்டி போட்டு இன்னொரு தடவை.

வெல்டு சூட்டில் இழுத்திருக்குமா என்று அப்பா கேட்டார். அப்பா அவருக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார் என்று எனக்குப் புரிந்தது. அவர் அந்த வழியில் போகவில்லை.

"வெல்டு இழுத்தா அங்கயும் இங்கயுமா இழுக்குமுங்க. அளந்து வெச்சாப்புல ரெண்டு நூல் இழுக்காது. நான்தான் தப்பாப் பாத்திருக்கறனுங்க."

"குறுக்களவு பாக்கலயா?"

"பாத்தமுங்க." அவ்வளவுதான் சொன்னார். படித்தது யார் என்று சொல்லவில்லை. "கொக்கியத் தப்பான எடத்துல மாட்டிப் புடிச்சிருப்பனாட்ட இருக்குதுங்க."

நான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மே 7, புதன்

வலது பக்கத்துக் கீழ்க் குழாய் முழுவதையும் அறுத்து எடுத்தார்கள். பிராக்கெட் மட்டும் எடுத்தால் போதாதாம், அதே இடத்தில் இரண்டாம் தடவை சூடு பட்டால் குழாய் பலமிழந்துவிடும். அறுக்கிற சத்தம் நாள் முழுக்க.

திலக்கின் மஞ்சள் டேப்பைக் காணவில்லையாம். என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்.

மே 9, வெள்ளி

தெரியும். என் காலேஜ் பையில், நாப்கின் வைக்கிற ஜிப்புக்குள் இருக்கிறது. அங்கே யாரும் கை விட மாட்டார்கள்.

புதுக் குழாய்க்கு மார்க் போட ஆறுச்சாமி அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். திலக்கைப் போடச் சொன்னார். அவன் நாலு தடவை போட்டு நாலையும் அழித்தான். வேலை நிற்கிறது. மதியம் சாப்பிட்ட பிறகு ஆறுச்சாமி அண்ணன் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு டேப்பைப் பார்த்தார். அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் தண்ணீர் கேன் எடுக்கப் போகிற மாதிரிப் பக்கத்தில் போனேன். சொல்லலாம் என்றுதான் போனேன். தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது காலி கேன்.

என்ன சொல்வது. விளையாட்டாகச் செய்தது, அவருக்கென்று செய்யவில்லை, திலக்குக்கு வைத்தது. எல்லாம் உண்மை. சொல்லிப் பார்த்தால் ஒன்றுகூட வாய்க்குள் பொருந்தி உட்காரவில்லை.

மித்ரா என்றால் நண்பன் என்று அர்த்தமாம். அதன் பின்னால் எந்தச் சொல்லைச் சேர்த்து எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

மே 10, சனி

நீல நோட்டு: "இன்று பெட்டைச் சுத்தம் செய்தேன்."

மே 12, திங்கள்

ஆறுச்சாமி அண்ணன் இன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். காலையிலிருந்து நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், அவரே டேப்பைச் சந்தேகப்படுவார், என்னைத் தொடாமல் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தார். பார்வை ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நல்ல பார்வை கிடையாதாம். ஆறுச்சாமிக்கு ஆறுக்கு ஆறு. வேறு ஒரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

அப்பா சந்தோஷமாக, பாத்தீங்களா என்றார். ஆறுச்சாமி அண்ணன் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"கண்ணுன்னா கண்ணாடி போட்டுக்கலாமுங்க. கண்ணு நல்லாருக்குதுன்னா, அப்பறம் கோளாறு மண்டைக்குள்ளதான. எங்கய்யனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அம்பத்தி நாலு வயசுல. முதல்ல எண்ணிக்கை தப்புனாரு, அப்பறம் ஊட்டுக்கு வர்ற வழி."

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நல்ல செய்திக்காக நான் கும்பிட்டேன். அது வந்து அவரை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டது.

மே 13, செவ்வாய்

இன்று செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், மஞ்சள் டேப்பைப் பெட்டின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். யாராவது எடுத்து அளப்பார்கள், தப்பு தெரியும், கொக்கியைப் பார்ப்பார்கள், கடையில் வாங்கும்போதே பழுது என்று முடிவுக்கு வருவார்கள். இப்படி.

திலக் வந்தான். "கெடச்சிருச்சுடா" என்று பெல்ட்டில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். யாரும் எதையும் அளக்கவில்லை.

சாயங்காலம் அவன் முகம் கழுவப் போனபோது திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மே 14, புதன்

ஆறுச்சாமி அண்ணன் வரவில்லை. நேற்றுப் போகும்போது அவருடைய வெல்டிங் ஹெல்மெட்டைத் திலக்கிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். மச்சான் வேலை பார்க்கிற மில்லில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம், அதில் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றாராம். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற வேலை.

திலக் அந்த ஹெல்மெட்டைத் தலையில் போட்டுப் பார்க்கவே இல்லை. மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிப் போய் உட்கார்ந்தான். அவனுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, இது புரிய.

மே 15, வியாழன்

சத்தி ரோட்டில் பஸ் ஏறிக் குரும்பபாளையம் போனேன். வீட்டில் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். இதுதான் கடைசிப் பொய் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன், அதற்கும் வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தது சாந்தாமணி அக்கா, அவருடைய மனைவி. ஆறுச்சாமி அண்ணன் முன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய டேப், கண்ணாடி, ஒரு துண்டுச் சாக்பீஸ்.

சுவர் முழுக்க எண்கள். கதவு நிலையின் அகலம், உயரம். ஜன்னல். சாமி படம் மாட்டிய ஆணியிலிருந்து மூலை வரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு தடவை, ஐந்து தடவை ஒரே எண்ணை எழுதியிருந்தார். முப்பத்தி மூணரை, முப்பத்தி மூணரை, முப்பத்தி மூணரை. எல்லாம் சரியாகவே வந்திருந்தது. சரியாக வந்தது அவருக்குப் போதவில்லை.

"ரெண்டு நாளா இதே சோலியா உக்காந்திருக்காரு கண்ணு. நீயாச்சும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அக்கா மோர் கொண்டுவர உள்ளே போனார்.

நான் பையின் ஜிப்பைத் திறந்து மஞ்சள் டேப்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுல அளந்து பாருங்கண்ணா."

கேள்வி எதுவும் கேட்காமல் எழுந்து கதவு நிலையில் மாட்டினார். முப்பத்தி மூணே முக்கால். கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அப்புறம் கொக்கியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டை விரலால் ரிவெட்டைத் தடவினார்.

"ரிவெட்டு புதுசு" என்றார்.

"நான்தானுங்கண்ணா. திலக்குக்குன்னு வெச்சேன். அன்னிக்கு நீங்க எடுப்பீங்கன்னு தெரியாதுங்க."

உள்ளே மோர் கடைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். முதலில் வந்தது கோபம் இல்லை. மூச்சு விட்டார். ஒரு வாரமாக விடாத மூச்சு. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்புறம் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. வேலை தெரிந்தவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும். பத்து நாளாக அந்த இடத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"செரி, டேப்பு வெளையாட்டு. எனக்குன்னு பண்ணல, உங்கண்ணனுக்குப் பண்ணுன. போவுது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குறுக்களவு நீதான அம்மணி படிச்ச. டேப்பு எத்தன கோளாறா இருந்தாலும் ரெண்டு மூலைக்கும் அதே டேப்புதான. வித்தியாசம் காட்டிக் குடுத்திருக்கோணுமே."

"நான் பாக்கலைங்கண்ணா."

"பாக்காம?"

"திலக்கப் பாத்துட்டிருந்தேன். சரின்னு சொல்லிட்டேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். "நீ சரின்னு சொன்னதுக்கு மேலதான் ஃபுல் வெல்டு போட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். டேப்பைப் பார்த்துவிட்டு, "இதக் குடுக்கவா இத்தன தூரம் வந்த, தங்கமான புள்ள" என்றார். டம்ளரை வாங்கினேன். முழுக்கக் குடித்தேன். குடிக்காமல் வைத்தால் ஏன் என்று கேட்பார்.

கிளம்பும்போது அவர் உள்ளங்கையால் சுவரில் இருந்த எண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மே 16, வெள்ளி

காலையில் ஷெட்டுக்குப் போகிற வழியில் அப்பாவிடம் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று கழுத்தைக் குனிந்து வைத்திருந்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா குழாய் அறுக்கறது ஒரு நாள் வேலை. நீ ஒம்பது நாளா அந்த மனுசன அறுத்திருக்கற" என்றார். மறுபடி வண்டியை எடுத்தார். அதன் பிறகு இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

திலக் கிண்டல் பண்ணுவான் என்று காத்திருந்தேன். அவன் ஹெல்மெட்டைத் துடைத்து ஆறுச்சாமி அண்ணனின் ஆணியில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். "அந்த வீடியோவ அழிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னான். அதற்கு அவன் கிண்டலே பண்ணியிருக்கலாம்.

ஆறுச்சாமி அண்ணன் ஒன்பது மணிக்கு வந்தார். ஹெல்மெட்டை எடுத்தார். புதுக் குழாய்க்கு மார்க் போட்டார். என்னிடம் சாக்பீஸ் கேட்டார், காந்தம் கேட்டார், கிரைண்டர் கேட்டார். எதையும் படிக்கச் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

பெள்ளிராஜ் சார் வந்தார். வலது பக்கம் மட்டும் குழாய் ஏன் புதிதாக இருக்கிறது, ஏன் இத்தனை நாள் தாமதம் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் ஆறுச்சாமி அண்ணன் பேசிவிட்டார். டேப் பழுதுங்க சார், கண்டுபுடிச்சு மாத்திட்டோம்.

டேப்கூடப் பழுதாகுமா என்று சார் ஆச்சரியப்பட்டார்.

"ஆகுமுங்க. முனையில வெட்டுப்பட்டா ஆகும். சின்ன வெட்டுத்தானுங்க."

சார் தலையாட்டிக்கொண்டு எலும்புக்கூட்டைச் சுற்றி வந்து பார்த்தார். இந்த ஞாயிறு ஓட்டத்துக்கு முடியாது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எழுபது வயதுக்காரர் அடுத்த வருடம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அதையும் என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மே 24, சனி

பயிற்சி இன்றோடு முடிகிறது.

காலையில் புது வலது பக்கத்தின் பின் பிராக்கெட்டுக்கு டாக் அடித்து முடித்ததும், ஆறுச்சாமி அண்ணன் தன் டேப்பின் கொக்கியை முன் மூலையில் மாட்டினார். இன்னொரு முனையை யாரிடம் கொடுப்பது என்று பார்க்கவில்லை, என் பக்கம் நீட்டினார். "படி அம்மணி."

படித்தேன். குனிந்து, கண்ணை டேப்புக்கு நேராக வைத்து. எழுபத்தி எட்டு, மூணு நூல். மறு மூலைக்கு மாற்றினோம். எழுபத்தி எட்டு, மூணு நூல். சரி என்று சொல்லவில்லை. எண்ணை மட்டும் சொன்னேன்.

அவர் ஒவ்வொரு தடவையும் கொக்கியைத் திலக்கிடம் கொடுத்துவிட்டு, பெட்டைச் சுற்றி நடந்து என் பக்கம் வந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தார். பதினொரு காலடி. செருப்புச் சத்தத்தை எண்ணினேன். பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். நான் நகராமல் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து பார்த்ததில் தப்பு எதுவும் இல்லை.

மதியத்துக்குள் வலது பக்கம் முழு வெல்டு முடிந்தது.

சாயங்காலம் நீல நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஏப்ரல் 21-லிருந்து பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஏப்ரல் 28 வந்தது. அந்தப் பக்கத்தில் "குறுக்களவு சரிபார்த்தேன், மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதியிருந்ததை நேற்று அடித்துவிட்டுக் கீழே வேறு எழுதியிருந்தேன். அடித்தது தெரிந்து பேனா நின்றது.

"என்ன எழுதியிருக்கற? படி. கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டேன்."

கண்ணாடி அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. அதன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

படித்தேன். "இன்று குறுக்களவு பார்க்க வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சரி என்று சொன்னேன். அதற்கு முந்தின நாள் டேப்பைக் கெடுத்ததும் நான்தான். ஆறுச்சாமி அவர்களின் அளவில் எந்தத் தப்பும் இல்லை."

திலக் கிரைண்டரை நிறுத்தியிருந்தான். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்திருந்தார். கடைசி வரியில் என் குரல் கோணியது. முழுக்கப் படித்துவிட்டேன்.

ஆறுச்சாமி அண்ணன் நோட்டைக் குனிந்து பார்க்கவில்லை. நான் படித்த அளவை அப்படியே எடுத்துக்கொண்டார். "கையெழுத்து எங்க போடோணும், காட்டு" என்றார்.

விரலை வைத்தேன். விரலுக்குப் பக்கத்திலேயே போட்டார்.